கம்யூனிட்டி காலேஜ்: சமுதாயக் கல்லூரியா, சமூகக் கல்லூரியா?

நம்மூரில் கம்யூனிட்டி என்றாலே சாதிதான். கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் என்று சொன்னால் வேறு எதையும் யாரும் நினைப்பதில்லை. அதனால், அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான் என்று சொன்னால், “எந்தக் கம்யூனிட்டி நடத்துற காலேஜ்?” என்று கேட்க இங்கே ஆள் உண்டு. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. சாதிச் சங்கங்கள் பள்ளியும் கல்லூரியும் கட்டிய ஊர் இது.

ஆனால் அந்தப் பெயரில் இருக்கும் கம்யூனிட்டி சாதியும் இல்லை, மதமும் இல்லை. அது ஒரு வட்டாரம். இன்னும் கறாராகச் சொன்னால், கல்லூரிக்காக வரி வசூலிக்கும் ஓர் எல்லை. இது புரிந்துவிட்டால் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதும் தெளிந்துவிடும்.

சிகாகோவுக்குத் தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஜோலியெட் என்றொரு நகரம். சுண்ணாம்புக்கல் குவாரிக்கும் சிறைச்சாலைக்கும் பேர்போன ஊர். அங்கே 1901இல் உயர்நிலைப் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். பள்ளியை முடித்தவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் அதே பள்ளியிலேயே மேலும் இரண்டு ஆண்டு படிக்கலாம். அது கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுக்குச் சமம். முதலில் சேர்ந்தவர்கள் ஆறே பேர். இன்றும் நடந்துகொண்டிருக்கும் அமெரிக்கப் பொதுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது இதுதான்.

ஹார்ப்பருக்கு இதில் தன் கணக்கும் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகம் ஆராய்ச்சியைப் பார்க்க வேண்டும், அடிப்படைப் பாடம் நடத்தும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். தன் பல்கலைக்கழகத்திலேயே முதல் இரண்டு ஆண்டை ஜூனியர் காலேஜ் என்றும், பின் இரண்டை சீனியர் காலேஜ் என்றும் பிரித்து வைத்திருந்தார். அந்த ஜூனியர் என்ற பெயர்தான் ஜோலியெட்டுக்கும் வந்தது. அதன் பிறகு நாடு முழுக்கப் பரவியது.

ஜூனியர் எப்போது கம்யூனிட்டி ஆனது? இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பிய காலம். 1944இல் வந்த சட்டம் அவர்கள் படிப்புக்குப் பணம் கொடுத்தது. கல்லூரிகளில் இடம் போதவில்லை. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் அறிக்கை கொடுத்தது. மக்களில் குறைந்தது 49 விழுக்காட்டினருக்கு 14 ஆண்டு (பள்ளி 12, கல்லூரி 2) படிக்கும் திறன் இருக்கிறது, அவர்களுக்கு உள்ளூரிலேயே கல்லூரி வேண்டும் என்றது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அந்த அறிக்கைதான். ஜூனியர் என்றால் எதற்கோ முந்தைய படி என்று பொருள். கம்யூனிட்டி என்றதும் கேள்வி மாறிவிட்டது: அடுத்த படி எது என்பது போய், இந்தக் கல்லூரி யாருடையது என்பது வந்தது.

யாருடையது என்பதற்கு விடை, ஜோலியெட் இருக்கும் இலினாய் மாநிலத்தில் வீட்டுவரிச் சீட்டிலேயே இருக்கிறது. பள்ளி, நூலகம், பூங்கா, தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட்டிருக்கும். அந்த வரிசையில் கல்லூரிக்கும் ஓர் இடம் உண்டு. 1965இல் வந்த மாநிலச் சட்டம், கல்லூரிக்கென்றே மாவட்டம் பிரிக்கவும், மக்கள் வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கவும் வழி செய்தது. ஜோலியெட் கல்லூரி 525ஆம் எண் மாவட்டம். ஏழு கவுண்டிகளின் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகள்) பகுதிகள் அதில் அடங்கும். எல்லைக்குள் குடியிருப்பவருக்குக் கட்டணம் குறைவு, வெளியிலிருந்து வருபவருக்குக் கூடுதல். வரி கட்டுகிறவர் பங்காளி, அவ்வளவுதான்.

அங்கே என்ன படிக்கலாம்? இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு ஆண்டு படித்துவிட்டு, வாங்கிய கிரெடிட்டுகளோடு (முடித்த பாடங்களுக்குத் தரும் மதிப்பு அலகுகள்) பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேருவது. செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய கவர்ச்சி. மற்றொன்று, நேரே வேலைக்குப் போகும் படிப்பு: செவிலியர் பயிற்சி, வெல்டிங், சமையற்கலை, கால்நடை மருத்துவ உதவியாளர் பயிற்சி, தோட்டக்கலை. ஜோலியெட்டில் வேளாண்மைக்குச் சொந்தப் பண்ணையே இருக்கிறது. இவை போக, பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குப் பள்ளி முடித்ததற்கு இணையான சான்று தரும் தேர்வுக்கான பயிற்சி, குடியேறியவர்களுக்கு ஆங்கிலம், ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு வகுப்பு. சேர்க்கைக்குப் பெரும்பாலும் கட் ஆஃப் கிடையாது. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலை வகுப்புக்கு வரும் நாற்பது வயதுக்காரரும், இன்னும் பள்ளி முடிக்காத பதினேழு வயதுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். கல்லூரி பற்றிச் சிக்கல் இல்லை. ‘கல்லூரி நற்கொட்டிலா’ என்று சீவக சிந்தாமணியிலேயே வரும் சொல் அது; பயிலும் இடம் என்ற பொருளும் அப்படியே இருக்கிறது. சிக்கல் முன்சொல்லில்தான். சமூகம், சமுதாயம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. இரண்டுக்கும் திரள், கூட்டம் என்பதே மூலப் பொருள். தனித்தமிழ் அன்பர்கள் குமுகாயம் என்பார்கள். அழகான சொல், ஆனால் கல்லூரி வாசலில் எழுதினால் எத்தனை பேருக்குப் புரியும் என்பது சந்தேகம்.

என் ஓட்டு சமுதாயத்துக்கு. சமூகம் இன்று ‘எங்க சமூகத்து ஆளு’ என்று சாதிக்கு நாகரிகப் பெயராகிவிட்டது. சமுதாயமும் அந்தப் பக்கம் சாயாமல் இல்லை. ஆனாலும் மாநகராட்சியின் சமுதாயக் கூடம் என்றால் பொதுக்கூடம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். இன்னொரு பழைய காரணமும் உண்டு. தஞ்சைப் பகுதியின் மிராசு (பரம்பரை நிலவுரிமை) ஊர்களை ஏகபோகம், பாலபோகம், சமுதாயம் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். ஒருவருக்கே சொந்தமானால் ஏகபோகம். பங்கு பிரித்துத் தனித்தனியே வைத்திருந்தால் பாலபோகம். பங்காளிகள் பொதுவில் வைத்திருந்தால் சமுதாயம். ஊரார் வரி கட்டிப் பொதுவில் வைத்திருக்கும் கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டுமா?

நம் நாட்டில் இந்தப் பெயர் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வழியாக வந்தது. அடுத்த ஆண்டே சென்னையிலும் ஒன்று தொடங்கியது. இங்கே பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. படிப்பை நிறுத்தியவர்களுக்கும் ஏழைகளுக்கும் தொழில் கற்றுக்கொடுப்பது நோக்கம். வரி எல்லையும் தேர்தலும் வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றைச் சமுதாயக் கல்லூரி என்றே அழைத்ததால் அச்சொல் நிலைத்தும்விட்டது.

கனடா ஒன்டாரியோவில் தமிழர் நிறைந்த ஸ்கார்பரோவில்தான் 1966இல் அம்மாகாணத்தின் முதல் பொதுக் கல்லூரியான சென்டெனியல் திறந்தது. அங்கே வெறும் ‘கொலிஜ்’தான், ‘யூனிவர்சிட்டியோ, கொலிஜோ?’ என்று கேட்டால் போதும்.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இரண்டாண்டு முடிவில் தரும் அசோசியேட் டிகிரியைப் பட்டயம் என்று எழுத வேண்டாம். அது டிப்ளமோவுக்குப் போய்விட்ட சொல். இணைநிலைப் பட்டம் என்று எழுதி, முதல் தடவை மட்டும் ஈராண்டுப் படிப்பு என்று சேர்த்துவிட்டால் குழப்பம் வராது. அப்புறம், ஜூனியர் காலேஜைத் தொடக்கக் கல்லூரி என்று மாற்றினால் சிங்கப்பூர் வாசகர் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு என்று நினைப்பார். மும்பையில் இருப்பவருக்கு ஜூனியர் காலேஜ் என்பதே பிளஸ் டூதான். ஜோலியெட் கல்லூரியோ நூறாண்டு தாண்டியும் பெயர்ப்பலகையில் ஜூனியரை விடவில்லை. பெயராக வரும் இடத்தில் ஜோலியெட் ஜூனியர் காலேஜ் என்றே விட்டுவிட்டு, வகையைச் சொல்லும்போது சமுதாயக் கல்லூரி என்று எழுதலாம்.