எழுத்தில் வராத உத்தரவு

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நின்றிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நான்காம் தேதி காலை, அந்தப் பக்கத்துப் பிரஸ்காரர் ஒருவர் கிருஷ்ணகிரியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். பேப்பர் ரீம்கள் நனைந்து பொதபொதவென்று ஊதிக் கிடக்கின்றன, இன்சூரன்ஸில் ஏதாவது தேறுமா என்று கேட்க வந்திருந்தார். அந்தப் பேச்சு முடிந்து டீ வந்தது. செல்போனை என்னிடம் நீட்டினார்.

தென்கொரியாவில் முந்தின நாள் இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்திருந்தார். அதையொட்டி வந்த முதல் ஆணையில் ஒரு வரி: எல்லா ஊடகங்களும் வெளியீடுகளும் ராணுவச் சட்டக் கட்டளையகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன.

"சார், பிரஸ்ஸுனு சொன்னா அதுல நம்ம பிரஸ்ஸும் சேர்த்தியா?"

சிரித்துவிட்டேன். நம் ஊரில் நிருபரும் பிரஸ், நோட்டீஸ் அடிக்கிற கடையும் பிரஸ். 'வெளியீடுகள்' என்று போட்டுவிட்டதால் நீங்களும் சேர்த்திதான் அண்ணே என்றேன். அவர் போன பிறகுதான், அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை என்று உறைத்தது. தணிக்கை வரும்போது எழுதியவரைத் தேட நேரம் பிடிக்கும். அச்சடித்தவரின் முகவரி காகிதத்தின் அடியிலேயே இருக்கும்.

என் வக்கீல் தொழிலில் முக்கால்வாசி பாகப்பிரிவினையும் மாந்தோப்பு வழித்தகராறும்தான். ஆனாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சில பிரஸ்காரர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஆலோசனை சொல்லி வருகிறேன். இத்தனை வருடத்தில் அவர்கள் என்னிடம் கொண்டுவந்த தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு உத்தரவு என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்ததில்லை. "சொன்னாங்க சார்" என்பார்கள். யார் சொன்னார்கள்? "மேலிடத்துல." எந்தச் சட்டப்படி? அதற்குப் பதில் இருக்காது.

கொரியா விஷயம் நாம் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிட்டது. சுமார் ஆறு மணி நேரம்தான். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிப்பாய்களைத் தாண்டி, சிலர் சுவரேறிக் குதித்து உள்ளே போய், 190 பேர் கூடி, 190 பேரும் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அப்படி வாக்களித்தால் அதிபர் விலக்கிக்கொண்டே ஆக வேண்டும் என்று அந்த நாட்டு அரசியலமைப்பின் 77-வது பிரிவு சொல்கிறது. பத்திரிகை, பேச்சு உரிமைகள்மீது விசேஷ நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்வதும் அதே பிரிவுதான். சரி, ஆறு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அன்றிரவு அரசை விமர்சிக்கும் சில ஊடக அலுவலகங்களுக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொன்னதாக உள்துறை அமைச்சர்மீது பின்னால் குற்றச்சாட்டு வந்தது.

அதைப் படித்ததும் எனக்கு 1975 டெல்லி ஞாபகம் வந்தது. ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அன்றிரவே பகதூர் ஷா ஜாஃபர் மார்க் சாலையில் வரிசையாக இருந்த பத்திரிகை அச்சகங்களுக்குக் கரண்ட் போய்விட்டது. கன்னாட் பிளேஸ் பக்கம் இருந்த ஸ்டேட்ஸ்மனும் இந்துஸ்தான் டைம்ஸும் வேறு மின் நிர்வாகத்தின் கீழ் இருந்ததால் தப்பித்தன. பிறகு நெருக்கடி நிலை அத்துமீறல்களை ஷா கமிஷன் விசாரித்தபோது, கரண்டை நிறுத்தச் சொன்னது வாய்மொழி உத்தரவு என்று தெரியவந்தது. தலைநகரத்துப் பத்திரிகைகளை இருட்டில் தள்ள ஒரு போன் போதுமானதாக இருந்திருக்கிறது.

அதைவிடப் பெரியது இன்னொன்று. நாட்டையே மாற்றிய அந்த முடிவு மத்திய அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதனால்தான் 1978-ல் 44-வது திருத்தம் கொண்டுவந்தபோது, அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டால் ஒழிய குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கக் கூடாது என்று 352-வது பிரிவில் சேர்த்தார்கள். 'எழுத்து மூலம்' என்கிற இரண்டு சொற்களுக்கு நாடு 21 மாதம் விலை கொடுத்தது. பிரஸ்காரர்களிடம் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"நம்ம நாட்டுல ராணுவச் சட்டம் வருமா?" என்றும் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 34-வது பிரிவில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அது என்ன, யார் அறிவிப்பது என்ற விளக்கம் எங்கும் கிடையாது. 1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு வெள்ளைக்காரன் பஞ்சாபில் போட்டான். லாகூர் ட்ரிப்யூன் ஆசிரியர் காளிநாத் ராய் சிறைக்குப் போனார். சுதந்திர இந்தியாவில் நாம் பார்த்தது நெருக்கடி நிலை. விசாரணை இல்லாமல் சிறையில் வைத்த மிசா சட்டத்தின் பெயரால், அதை இன்னும் 'மிசா காலம்' என்றுதான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டும் சட்டத்தில் வேறு வேறு. ராணுவச் சட்டத்தில் சிப்பாய் வருவார். மிசா காலத்தில் சஃபாரி சூட் போட்ட அதிகாரி சிவப்புப் பேனாவோடு வந்தார். ப்ரூஃப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் கெடுபிடி உச்சத்துக்குப் போனது 1976 ஜனவரி 31-ல் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு. கைதானவர்களின் பெயரைப் போடத் தணிக்கையில் அனுமதி இல்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைய முரசொலியில், அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் வந்தது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. எந்த ஊரில் யாரை அள்ளிக்கொண்டு போனார்கள் என்ற கணக்கு முழுதும் அதில் இருந்தது. அதை அச்சுக் கோத்த கைகளை நினைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு எழுத்தாக ஈயத்தில் எடுத்து அடுக்கிய காலம் அது. செய்தி என்னவென்று முதலில் தெரிந்தவர் கம்போசிங் தொழிலாளிதான்.

1975 ஜூன் 28-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டது. பிறகு வெற்றிடம் விடவும் கூடாது, அந்த இடத்தைக் காந்தி, தாகூர் மேற்கோள்களால் நிரப்பவும் கூடாது என்றார்கள். வெறும் காகிதத்தையும் காந்தியையும் ஒரே மாதிரி ஆபத்தாகப் பார்த்த அரசு அது.

பிரஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டிய கதை ஹிம்மத் வார இதழுடையது. பம்பாயில் ராஜ்மோகன் காந்தி நடத்தியது. நம் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் பேரன். நெருக்கடி நிலையில் அதை அச்சடித்துக் கொடுத்தவர்களுக்கு நெருக்கடி வந்தது. பிரஸ் மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் வாசகர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டிச் சொந்தமாகவே ஒரு அச்சகம் வாங்கினார்கள். ஆசிரியரை மிரட்டினால் தலைவர்கள் கேள்வி கேட்பார்கள். அச்சகக்காரரை மிரட்டினால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? இதுவும் புதிதல்ல. 1908-ல் 'இந்தியா' பத்திரிகைமீது ராஜதுரோக வழக்கு வந்தபோது, எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பதிவில் ஆசிரியர் என்று பெயர் இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார்.

எதிர்த்து நின்றவர்களுக்கு நீதிமன்றம் கதவைச் சாத்திவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மினு மசானியின் ஃப்ரீடம் ஃபர்ஸ்ட் இதழில் கட்டுரைகளைத் தடுத்தபோது, பம்பாய் உயர்நீதிமன்றம் 1976-லேயே, நெருக்கடி நிலை நடந்துகொண்டிருக்கும்போதே, எல்லாப் பத்திரிகையையும் ஒரே குரலில் பேச வைப்பது தணிக்கை அதிகாரியின் வேலை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம், மறுப்பு என்று சுட்டிக்காட்ட ஓர் உத்தரவு இருந்தது. போனில் சொன்னதை எங்கே கொண்டுபோய் எதிர்த்து வாதாடுவது? போலந்தில் 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டபோது, போனை எடுத்தால் 'உரையாடல் கண்காணிக்கப்படுகிறது' என்று பதிவுக் குரல் ஒலிக்குமாம். அவர்களாவது சொல்லிவிட்டுச் செய்தார்கள்.

அப்புறம் கல்லூரிக்காரர்கள். செய்தித்தாளைத்தான் தணிக்கை செய்வார்கள், ஆய்வுக் கட்டுரையை யார் படிக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. தைவானில் 1949 முதல் 1987 வரை, 38 வருடம் ராணுவச் சட்டம். சீனப் பெருநிலத்திலேயே தங்கிவிட்ட அறிஞர்களின் புத்தகங்களுக்கு அங்கே தடை. ஆனால் மாணவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டுமே! பதிப்பகங்கள் ஆசிரியர் பெயரை மாற்றியோ எடுத்துவிட்டோ அச்சடித்தன. யார் எழுதியது என்று தெரியாமலே ஒரு தலைமுறை படித்துத் தேர்வெழுதியது. இங்கே செமினார் மாத இதழ், முன்கூட்டியே தணிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்ததும், அனுப்ப மாட்டோம் என்று சொல்லி 1976-ல் தானே நின்றுவிட்டது. அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

எனக்கு வந்த விவகாரம் அவ்வளவு பெரியதில்லை. ராணுவமும் இல்லை, மிசாவும் இல்லை. வெள்ளம் வந்து சில மாதம் கழித்து, ஒரு கல்லூரிக் கருத்தரங்கத் தொகுப்பு எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கட்டுரை ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு பற்றியது. எங்கள் இரண்டு மாவட்டத்திலும் கறை படிந்த பற்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ரகசியமே கிடையாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று அரசு சேர்த்து வைத்திருக்கிறது. ஆனாலும் ஓர் அலுவலகத்திலிருந்து பிரஸ்ஸுக்குப் போன். "அந்தக் கட்டுரை வேண்டாம், மேல சொல்றாங்க."

பிரஸ்காரர் மிஷினை நிறுத்திவிட்டு மூன்றாவது ஃபாரத்தோடு வந்தார். 33 முதல் 48 வரை பதினாறு பக்கம், மடிக்காத பெரிய ஷீட். மேசை கொள்ளாமல் தரையில் விரித்தோம். ஃப்ளோரைடு கட்டுரை 35-ல் தொடங்கி 44-ல் முடிகிறது. "இந்த ஃபாரத்த மட்டும் விட்டுட்டு பைண்டிங் போட்டுடட்டுமா சார்?" போடலாம். ஆனால் 33, 34-ல் மாங்கூழ் ஏற்றுமதிக் கட்டுரையின் முடிவு இருக்கிறது. 45-லிருந்து ராகி பற்றிய கட்டுரை தொடங்குகிறது. ஒருவர் வாயை மூடினால் பக்கத்தில் இருக்கிற இருவருக்கும் வாலும் தலையும் போய்விடும். தணிக்கை வேலை செய்கிற விதத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

தொகுப்பாசிரியர் பெயரில் நான்கு வரிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இன்ன தேதி, இன்ன நேரம் உங்கள் அலுவலகத்திலிருந்து இப்படித் தொலைபேசியில் சொல்லப்பட்டது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ், யாருடைய உத்தரவு என்று எழுத்தில் தெரிவித்தால் அதன்படி பரிசீலிக்கிறோம். பதிவுத் தபாலில் போனது. இரண்டு வாரம் காத்திருந்தோம், பதிலே இல்லை. ஃபாரம் மிஷின் ஏறியது. போன் செய்தவருக்கு மேலே யாரும் எதுவும் சொல்லியிருக்கவே மாட்டார்கள் என்பது என் ஊகம். யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவராகப் பயந்திருப்பார்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பிரஸ்காரர்களும் ஆசிரியர்களும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1867-ம் வருட அச்சகச் சட்டம் போய், 2023-ல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பருவ இதழ் என்பதில் புத்தகமும், அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் ஆய்விதழும் சேராது. 'ரிஜிஸ்டர் பண்ணாத ஜர்னல்' என்று யாராவது மிரட்டினால் இதை எடுத்துக் காட்டுங்கள். ஒரு வெளியீட்டைப் பறிமுதலுக்கு உரியது என்று அறிவிக்க வேண்டுமானால், பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98-வது பிரிவின் கீழ் மாநில அரசு காரணத்தோடு அறிவிக்கை வெளியிட வேண்டும். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர்நீதிமன்றம் போகலாம் என்கிறது 99. சோதனை, கைப்பற்றல் என்று வந்தால் வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105. கைப்பற்றிய பட்டியலில் எத்தனை பிரதி, எத்தனை பிளேட் என்று எண்ணிக்கை இருக்கிறதா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனால் அதில் இருக்கிற கல்யாண ஆர்டரெல்லாமும் சேர்ந்து போகும், அதனால் ஃபைலை வேறு இடத்திலும் ஒரு நகல் வையுங்கள். போலீஸோடு வாக்குவாதம் வேண்டாம். மரியாதையாகப் பேசி, பெயரும் பதவியும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

வேர்ட் ஃபைலில் ஒரு பத்தியை அழித்தால் அழித்த தடமே தெரியாது என்பது இந்தக் காலத்துக் கூடுதல் சங்கடம். மாற்றச் சொன்னால் பழைய பதிப்பைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்கிறேன். செய்கிறவர்கள் குறைவு.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பிரஸ்காரர் செய்தார். ஈரம் காய்ந்து மிஷின் ஓடத் தொடங்கியதும் போன் பக்கத்தில் ஒரு நீளநோட்டு வைத்து, தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று கட்டம் போட்டிருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எடுத்துக் காட்டினார். அதிகாரிகள் யாரும் இதுவரை அதில் ஏறவில்லை. பக்கம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைத் திருத்தங்கள். மாப்பிள்ளை இனிஷியலை மாற்றச் சொல்லிப் போனில் சொன்ன பெண் வீட்டுக்காரர் ஒருவர், அச்சான பிறகு நான் சொல்லவே இல்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறார். இவர் நோட்டை விரித்துக் காட்ட, பாதிப் பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனாராம்.