நல்ல தண்ணிக் கிணறும் இருபது அறை லாட்ஜும்

"இன்னும் முப்பது அடி இறக்கிப் பார்க்கலாமா சார்?"

ராமேஸ்வரம் தீவில், ஒரு மீனவக் கிராமத்தை ஒட்டி இருபது அறைகளில் லாட்ஜ் கட்டியவர் கேட்டது இது. இரண்டாவது கோடையிலேயே அவருடைய போர்வெல் தண்ணீர் உப்பேறிவிட்டது. சோப்பு நுரைக்கவில்லை என்று தங்க வந்தவர்கள் சண்டை போடுகிறார்களாம். நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில். ஆழம் போனால் தண்ணீர் கிடைக்கும் என்பது பாறை நிலத்துக் கணக்கு. மணல் தீவில் ஆழம் போகப் போகக் கடல்தான்.

லாட்ஜ் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். வாசலில் ஓர் உறைக்கிணறு, பத்தடிகூட இருக்காது. ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தார். "கரிக்குது பாருங்க தம்பி. போன வருசம் வரைக்கும் இதுலதான் உலை வச்சோம். இப்பப் பருப்பு வேக மாட்டேங்குது." கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அக்காவின் கிணறு அதையும் தாண்டியிருந்தது. பருப்பு சொன்னதை மீட்டரும் சொன்னது, அவ்வளவுதான்.

நிலைத்த சுற்றுலா என்றாலே கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிற படம்தான் நம் கண் முன்னால் வருகிறது. பொறுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு மீனவ ஊரில் எத்தனை அறைகள் கட்டலாம் என்பதைக் காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

தனுஷ்கோடியில் பார்த்திருப்பீர்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் தோண்டுவார்கள். இரண்டு மூன்று அடியில் தண்ணீர் ஊறும். அலுமினியக் கிண்ணத்தால் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றினால், அது நல்ல தண்ணீர். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே இருக்கும் கிணற்றிலும் உப்பில்லாத தண்ணீர். ராமர் வில்லால் ஊன்றினார் என்பது ஐதீகம். என் தொழில் பாஷையில், தீவில் பெய்த மழை கடலை நோக்கி நகரும்போது வெளியே வரும் இடம் அது.

மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் இரண்டரை சதவீதம் கனம் கூடியது என்பதால் இது நடக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், அதைத் தாங்கிக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் வட கடலின் நார்டெர்னே தீவில் கிணறு தோண்டும்போது கண்டு 1901-இல் எழுதிய கணக்கு இது. அதுவும் கடற்குளியலுக்கு ஆட்கள் வந்து தங்கும் தீவுதான்!

இந்தக் கணக்கு திருப்பியும் வேலை செய்யும். விடாமல் இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். குடத்தில் மொள்ளும்போது இது நடக்காது. மோட்டார் போட்டால் நடக்கும்.

லாட்ஜுக்கு ஒரு படுக்கைக்கு நாளுக்கு 180 லிட்டர் என்பது திட்டமிடலில் எடுத்துக்கொள்ளும் அளவு. நாற்பது படுக்கைகளுக்கு 7200 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஆளுக்கு 70 லிட்டர் என்பது கணக்கு. அப்படியானால் ஐந்து பேர் உள்ள இருபது வீட்டுத் தண்ணீரை ஒரே லாட்ஜ் குடிக்கிறது. நேரத்தையும் கவனியுங்கள். மே மாத விடுமுறையில்தான் கூட்டம். கடைசி மழை போய் மாதக்கணக்காகி, நல்ல தண்ணீர் மெலிந்து கிடக்கும் காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை என்பதால் விசைப்படகுகளும் கரையில் நிற்கும். வருமானம் இல்லாத மாதத்தில்தான் குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்கிறது. அங்கே குடியிருக்கும் மக்கள் தங்கள் தேவைக்கு எடுக்கலாம். லாட்ஜ் அந்த விலக்கில் வராது. இவருடைய போரிலிருந்து அலை வரைக்கும் நடந்தே பார்த்தேன். நூறு மீட்டர்கூட இல்லை.

"அதான் ஆர்.ஓ. போட்டாச்சே சார்" என்றார். உப்பைப் பிரித்தெடுக்கும் அந்த எந்திரத்தைப் போட்டிருந்தார். அது துப்பும் உப்புக் கழிவு கொல்லையில் ஒரு குழிக்குள் போய், திரும்பவும் அதே மணலில் இறங்குகிறது. செப்டிக் டேங்க் கதை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் முழங்கால் ஆழத்துக்கு ஏறிவிடும். உறிஞ்சு குழி அந்தத் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். பக்கத்துக் கிணறுகளில் உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். மலக்கிருமியை யார் கண்டுபிடிப்பது?

கடல் தெரிய வேண்டும் என்று முன்பக்க மணல்மேட்டை ஜேசிபி வைத்துத் தட்டியிருந்தார்கள். அந்த மேடுதான் மழையைக் குடித்து வைத்திருந்த தொட்டி. அது போனதைச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: போரை மூடுங்கள். கூட்டுக் குடிநீர் இணைப்பில் வருகிறதையும் லாரியில் வாங்குகிறதையும் வைத்து அறைக் கணக்கைப் போடுங்கள். உறிஞ்சு குழியை அடைத்து, கசியாத தொட்டி கட்டுங்கள். மொட்டைமாடி 300 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழைக்கு 30,000 லிட்டர் பிடிக்கலாம். லாட்ஜ் நிறைந்திருந்தால் அது நாலு நாளுக்குத்தான் காணும் என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே பத்து அறைகள் போதும், மாடிக்குத் திட்டம் போட்டிருக்கும் நீச்சல்குளம் வேண்டவே வேண்டாம் என்றேன்.

தங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அறை எடுக்கும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம் அல்லவா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். ஷவரை விட்டு வாளியில் குளியுங்கள். ஒரு ராத்திரிக்கு இரண்டு முறை துண்டு மாற்றச் சொல்லாதீர்கள். தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் முனையான அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் சாலை வந்த பிறகு அங்கே கார்கள் வரிசை கட்டுகின்றன. மணலில் ஊற்றுக் குழியைக் கண்டால் படம் எடுங்கள், கால் கழுவாதீர்கள்.

லாட்ஜ்காரர் தொட்டி கட்டச் சம்மதித்தார். போரை மூடுகிறேன் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. நீச்சல்குளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது அக்கா, "மழை பெஞ்சா சரியாயிருமா தம்பி?" என்று கேட்டார். போர் நின்றால், இரண்டு மூன்று நல்ல மழைக்காலத்தில் தெளியலாம் என்றேன். "அது நிக்கணுமே" என்றபடி வாளித் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினார்.