டிபி தட்டுல ஒட்டாது, தயவுசெஞ்சு ஜன்னலைத் திறங்க

இந்த மாசமும் ஒரு பொண்ணு. கழுத்துல நெறிகட்டி டிபி, மாத்திரை ஆரம்பிச்சு மூணாவது வாரம், வீட்டுல தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், புள்ளையத் தூக்கக்கூடாது, அடுத்து அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். ஓபில உக்காந்து அழுவுது. எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எல்லாம் பாத்து நுரையீரல்ல இல்லன்னு ஆயிடுச்சு, வெறும் கழுத்துக் கட்டியில இருக்கற டிபி யாருக்குங்க பரவும்? கூட்டிட்டு வந்த மாமனார் பேசி முடிக்கறதுக்குள்ள நாலு தடவ இருமுறார். கேட்டா "ஒரு மாசமா இருக்கு சார், பீடி இருமல்"ங்கறார். அவருக்குத்தான் உடனே சளி டெஸ்ட் எழுதினேன்.

எத்தனை தடவ சொல்றது, டிபி தட்டு டம்ளர்ல பரவாது. துணில, பாய்ல, பாத்ரூம்ல, கை குடுத்தா, சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டா, எதுலயும் பரவாது. நுரையீரல்ல டிபி இருக்கறவங்க இருமும்போது கண்ணுக்குத் தெரியாத துளி காத்துல கலக்குது, மூடின ரூம்ல ஊதுபத்திப் புகை மாதிரி மணிக்கணக்கா நிக்குது, அதை மூச்சுல இழுத்தாத்தான் கிருமி உள்ள போகும். தட்டுல ஒட்டுன கிருமி எழுந்து காத்துல பறக்காதுங்க, வழக்கம்போல சோப்பு போட்டுக் கழுவுங்க போதும். தட்டைப் பிரிச்சு வெச்சுட்டு ஜன்னலை மூடி ஏசி போட்டு எல்லாரும் ஒரே ரூம்ல படுக்கறீங்களே, அந்த ஏசி அதே காத்தைத்தான் சுத்திச் சுத்தி விடுது!

1956ல நம்ம சென்னை சேத்துப்பட்டு டிபி மையத்துலயே இதைப் பாத்தாச்சு. 193 நோயாளிங்க, ஒரு பாதிப் பேருக்கு வீட்டுலயே மாத்திரை, மீதிப் பேரு சானடோரியத்துல, அதாவது டிபிக்குன்னே இருந்த தனி ஆஸ்பத்திரில. 5 வருஷம் பாத்தும், சானடோரியம் போனவங்க குடும்பத்தை விட வீட்டுல இருந்தவங்க குடும்பத்துல டிபி கூடுதலா வரல, அதுவும் இத்துனூண்டு ஏழை வீடுங்க. ஏன்னா மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சதும் பரவறது சடசடன்னு குறைஞ்சிடும். பரப்பறது பெரும்பாலும் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி இருமிட்டுத் திரியற மாசங்கள்தான்.

அதனால ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா, சிரப் வாங்கிக் குடிச்சிட்டு இருக்காதீங்க, அரசு ஆஸ்பத்திரில டெஸ்ட், மாத்திரை எல்லாம் இலவசம். சளில கிருமி இருந்தா டாக்டர் சொல்ற வரைக்கும் மாஸ்க், காத்தோட்டமா தனியா படுக்கை. வீட்டுல இருக்கற எல்லாரும் செக்கப்புக்கு வரணும், முக்கியமா சின்னப் புள்ளைங்க, தடுப்பு மாத்திரை இருக்கு. ரெண்டு மாசத்துல வெயிட் ஏறிடுச்சு, நல்லாயிடுச்சுன்னு நிறுத்தாதீங்க, குறைஞ்சது 6 மாசம் போட்டே ஆகணும், பாதில விட்டா அந்த மருந்துக்கே அடங்காத டிபி ஆயிடலாம். யூரின் ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு ராத்திரில போன் பண்றாங்க, அது ரிஃபாம்பிசின் மாத்திரையோட கலர், பயப்படாதீங்க. முட்டை, பருப்பு, கடலை நல்லா குடுங்க, சாப்பாட்டுக்குன்னே மாசம் 1000 ரூபா அரசாங்கம் பேங்க்ல போடுது.

அந்தப் பொண்ணு மாதிரி யாராவது உங்க வீட்டுல இருந்தா புள்ளைய அது மடியில குடுங்கம்மா, கெஞ்சிக் கேக்கறேன். இருமுற பெரியவரை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. காலைல எழுந்ததும் நெஞ்சுக்குள்ள இருந்து இருமி எடுத்த சளி வேணும், எச்சிலைத் துப்பி டப்பாவை மூடிக் குடுத்தா டெஸ்ட்டுக்கு உதவாது.