நாயகப் பயண நாவல் நடுவில் தொய்வது ஏன்?

நாவல் கையெழுத்துப் பிரதிகளைச் செம்மையாக்கும் என் மேசைக்கு வருபவற்றுள், நாயகப் பயண வடிவில், அதாவது நாயகன் வீட்டை விட்டுக் கிளம்பி, சோதனைகளைக் கடந்து, மாறியவனாகத் திரும்பும் கதையமைப்பில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொய்கின்றன. நாயகன் வீட்டை விட்டுக் கிளம்பும் வரை கதை விறுவிறுவென்று ஓடுகிறது. இறுதி மோதலும் எழுதியவர் மனத்தில் முன்பே தெளிவாக இருக்கிறது. இடைப்பட்ட பாதி நாவல்தான் அவரைத் திணறடிக்கிறது.

இதற்கு ஒரு காரணம், நாம் நம்பிப் பிடித்துக்கொள்ளும் வரைபடத்திலேயே இருக்கிறது. தொன்மவியல் அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் உலகத் தொன்மங்களை ஒப்பிட்டு விவரித்த, நாயகப் பயணத்தின் 17 படிநிலைகளை ஹாலிவுட் திரைக்கதை ஆலோசகர் கிறிஸ்டோபர் வோக்லர் பின்னாளில் கதை எழுதுவோருக்காக 12ஆகச் சுருக்கினார். அவற்றுள் ஐந்து, நாயகன் புதிய உலகின் வாசலைத் தாண்டும்போதே தீர்ந்துவிடுகின்றன; கடைசிப் பகுதிக்கு மூன்று போய்விடும். நாவலில் ஏறக்குறைய சரிபாதியை அடைக்கும் நடுப்பகுதிக்கு மிஞ்சுபவை நான்கே. அதிலும் ‘சோதனைகள்’ என்ற ஒரே படிநிலையைக் கொண்டு பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களை நிரப்ப வேண்டியிருப்பதால், எழுதுபவர் தோன்றிய இடர்களையெல்லாம் வரிசையாக அடுக்கத் தொடங்குகிறார். (கேம்பல் தாம் கண்டதை விவரித்தாரே தவிர, நாவலுக்குச் செய்முறை வகுக்கவில்லை என்பதும் எளிதில் மறந்துபோகிறது.)

ஒரு பிரதியில், தொலைந்த தங்கையைத் தேடிப் போகும் இளைஞன் 14ஆம் அத்தியாயத்தில் வெள்ளத்தில் அகப்படுகிறான். 15இல் கொள்ளையரிடம் சிக்குகிறான். இரண்டையும் இடம் மாற்றிப் படித்துப் பார்த்தேன். ‘ஈரம் காயாத சட்டையோடு’ என்ற சொற்களை நீக்கியதோடு வேலை முடிந்தது, வேறெதுவும் இடறவில்லை. இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடாத நிகழ்ச்சிகள் எத்தனை பரபரப்பானவையாக இருந்தாலும் அவை கதைப்பின்னல் ஆகா.

புதிய இடர் எதையும் சேர்க்காமலே அதைச் சரிசெய்தோம். கொள்ளையரை முன்னே கொண்டுவந்து, அவர்களிடமிருந்து தப்புவதற்காக இளைஞன் தன்னுடன் வந்த படகோட்டியைக் காட்டிக்கொடுப்பதாக மாற்றினார் ஆசிரியர். படகோட்டி இல்லாததால் அவன் வெள்ளத்தில் தானே துடுப்புப் போட வேண்டியதாகிறது. படகு கவிழ்ந்து, தங்கை தன்னை அடையாளம் காண்பதற்கென்று அவன் வைத்திருந்த ஒற்றை வளையல் ஆற்றோடு போகிறது. அதனால், பின்னர் நேருக்கு நேர் சந்திக்கும்போது அவள் அவனை நம்ப மறுக்கிறாள். நடுப்பகுதியின் இன்னொரு படிநிலையான ‘பெருஞ்சோதனை’க்கென்று தனியாக ஓர் அரக்கனைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை. அவன் செய்த துரோகமே அவன் எதிரில் வந்து நின்றது.

நான் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. ஒவ்வொரு நடு அத்தியாயத்தையும் ஒரு வரியில் எழுதி, அடுத்தடுத்த இரு வரிகளுக்கிடையே ‘அதனால்’, ‘ஆனால்’, ‘பிறகு’ ஆகியவற்றில் எது உண்மையாகப் பொருந்துகிறதோ அதை எழுத வேண்டும். ஒரு ‘பிறகு’ பொறுத்துக்கொள்ளத்தக்கது. மூன்று தொடர்ந்து வந்தால் வாசகர் அங்கே புத்தகத்தை மூடிவைப்பார். நாவலின் மையத்தில், தேடலின் கேள்வியே மாறும்படியான ஓர் உண்மை வெளிப்படுவதும் உதவும்: தங்கை கடத்தப்படவில்லை, தானாகவே போனாள் என்று இளைஞன் அறிந்த கணத்தில் ‘எங்கே’ என்பது ‘ஏன்’ என்றாகிவிடுகிறது.

அந்தப் பிரதியிலிருந்து இறுதியில் இரண்டு அத்தியாயங்கள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மலையடிவாரத்துத் துறவியைச் சந்திப்பது; எனக்கும் மிகப் பிடித்த அத்தியாயம்தான், ஆனால் அதன் இருபுறமும் ‘பிறகு’ என்றே எழுத முடிந்தது.