பூஜைக்குத் துடைத்த கணினி ஏன் எழவில்லை?

ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு விடுமுறை கிடையாது. கணினி பழுதுபார்க்கும் வேலைக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு விஜயதசமியும் தொலைபேசி மணியோடுதான் விடிகிறது. முந்தைய நாள் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்திருப்பார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் திரை கறுப்பாகவே இருக்கும். "நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது சார்" என்பார்கள். ஓடியிருக்கும். நேற்றுவரை யாரும் அதைத் திறக்கவில்லையே.

இப்படி வரும் கணினிகளில் பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டிருப்பதில்லை. பிரஷ்ஷோ ப்ளோயரின் மூக்கோ இடித்து ஒரு வயர் கழன்றிருக்கும், அல்லது மாட்டியதுபோலவே தெரிந்தபடி பாதி விலகி நிற்கும். கழன்று தொங்கும் வயரால் அநேகமாகச் சேதம் வருவதில்லை. பதற்றத்தில் அதை ஏதோ ஒரு இடத்தில் திணிக்கும்போதுதான் செலவு வருகிறது.

ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்தது. சுத்தம் செய்தபோது பிராசசருக்கு மின்சாரம் கொண்டுபோகும் எட்டுத் துளை பிளக் கழன்று, கேபினெட்டின் மூலையில் மறைந்துவிட்டது. கடைப்பையன் தேடினான். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்சாரப் பெட்டியிலிருந்து உபயோகமில்லாமல் தொங்கிய இன்னொரு எட்டுத் துளை பிளக் கண்ணில் பட்டது. அது திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது. இரண்டுக்கும் துளையின் வடிவம் வேறு, எளிதில் நுழையாது. அவன் பலம் போட்டு நுழைத்துவிட்டான். ஒன்றில் 12 வோல்ட் வரும் பக்கம் மற்றதில் எர்த் வருகிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றால் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கும். அங்கே இருந்தது மலிவானது. நான் போனபோது சாக்கெட் கருகியிருந்தது. அடையாளம் ஒன்று சொல்கிறேன்: பிராசசர் பிளக் நான்கும் நான்குமாகப் பிரியும், கிராபிக்ஸ் பிளக் ஆறும் இரண்டுமாகப் பிரியும்.

உள்ளே கை வைக்கும் முன் சுவிட்சை அணைப்பது போதாது, பவர் கார்டையே உருவிவிடுங்கள். பவர் கார்டு செருகியிருந்து மின்சாரமும் வந்துகொண்டிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் ஊதா நிற வயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேயிருக்கும். உருவிய பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அமுக்கிப் பிடித்தால் மிச்சமும் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுப் பிறகு பாகங்களைத் தொடுங்கள்.

இனி எங்கே தேடுவது? மின்விசிறிகூடச் சுற்றவில்லை என்றால், எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகையான மதர்போர்டின் ஓரத்தில் இருக்கும் 24 துளை கொண்ட அகலமான பிளக்கைப் பாருங்கள். அதன் கிளிப் 'டக்'கென்று விழுந்திருக்க வேண்டும். நூறு தடவை பார்த்தும் நானே ஏமாந்த இடம் இது: மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும், ஒரு முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். அதுவும் சரி என்றால் பவர் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரண்டு துளை வயர். இதை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். பக்கத்திலுள்ள விளக்கு வயர்களுக்குத்தான் நேர், எதிர் உண்டு. மாற்றி மாட்டினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் மேலே சொன்ன பிராசசர் பிளக், அடுத்தது ராம் என்னும் நினைவகப் பட்டை. ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, வெட்டு பொருந்தும்படி வைத்து இரு முனைகளையும் அழுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில், அந்தக் கார்டில் செருக வேண்டிய மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு என்னை அழைத்தவர்களும் உண்டு.

திரை வந்து, ஹார்ட் டிஸ்க் இல்லை என்று சொன்னால், அதில் மாட்டும் சாட்டா கேபிள்களைப் பாருங்கள். அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தகவலுக்கு. இரண்டின் வாயும் 'எல்' வடிவம், தலைகீழாகப் போகாது. போகவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். பிராசசர் விசிறி பற்றித் திரையில் புகார் வந்தால் அதன் மூன்று அல்லது நான்கு துளை வயர் கழன்றிருக்கலாம். மாட்டாமல் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். முன்பக்க யுஎஸ்பி 2.0, ஆடியோ இரண்டுக்கும் ஒன்பது ஊசிகள்தான், இல்லாத ஊசியின் இடம் மட்டும் வேறு. யுஎஸ்பியில் கடைசி மூலை காலி, ஆடியோவில் அதற்கு முந்தையது.

வயர் அல்லாத ஒரு விஷயம். சில பழைய எஸ்.எம்.பி.எஸ்களின் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு சுவிட்ச் இருக்கும். துணியால் அழுத்தித் துடைக்கும்போது அது 115க்கு நகர்ந்துவிட்டால், நம் ஊர் 230 வோல்ட்டில் போட்ட நொடியே வெடிச்சத்தம்தான். செருகும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். கருகிய வாசனை வந்தாலோ, பொத்தானை அமுக்கியதும் ஒருமுறை துடித்து அணைந்தாலோ, இன்னொரு தரம் அமுக்கிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டுப் பவர் கார்டை உருவுங்கள்.

திறந்ததும், துடைப்பதற்கு முன், கைபேசியில் நான்கு படம் எடுத்துவையுங்கள் என்று அந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த ஆண்டு எடுத்தார், பூஜை முடிந்ததும் மறுபடி எடுத்து இரண்டையும் எனக்கு அனுப்பினார். வயர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இரண்டாவது படத்தில் ராமின் மேல் மட்டும் ஈரச் சந்தனமும் குங்குமப் பொட்டும் இருந்தன. "சுவிட்சைப் போடாதீர்கள் அண்ணாச்சி, வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.