வெளியூரில் கார் சார்ஜ் போடும் முன் அந்த சாக்கெட்டைப் பாருங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடுகளுக்கும் லாட்ஜ்களுக்கும் வயரிங் வேலை எடுத்துச் செய்யும் மின் ஒப்பந்ததாரன் நான். எலக்ட்ரிக் கார் வாங்கியவர்களுக்கு வீட்டில் பாயிண்ட் போட்டுக் கொடுத்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "வெளியூர் போனா எங்க சார் போடறது?" இடம் கிடைப்பது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. கிடைத்த இடம் ராத்திரி முழுக்கத் தாங்குமா என்பதுதான் எனக்குக் கவலை, ஏனென்றால் கருகிப்போன சாக்கெட்டைக் கழற்றி மாற்றுவது என் வேலை.

ஃபாஸ்ட் சார்ஜரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று விற்கிற பெரும்பாலான கார்களில் சிசிஎஸ்2 என்கிற டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் வசதி உண்டு. எம்ஜி காமெட் போன்ற சிலவற்றில் கிடையாது, அதனால் உங்கள் கார் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிளக்ஷேர், மத்திய அரசின் இவி யாத்ரா ஆகிய ஆப்களில் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் பிளக்ஷேரில் பார்க்க வேண்டியது, அங்கே கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாகப் போட்டார்கள் என்பதைத்தான். இன்னொன்று, போர்டில் 22 கிலோவாட் ஏசி என்று எழுதியிருந்தாலும் உங்கள் காருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜர் 7.2 கிலோவாட் என்றால் 7.2-தான் ஏறும். டிசியிலும் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்துவிடும், பின்னால் இன்னொரு கார் காத்திருந்தால் கிளம்பிவிடுங்கள்.

சரி, ராத்திரி தங்குகிற இடத்துக்கு வருவோம். லாட்ஜ், சொந்தக்காரர் வீடு, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் பெரிய மூன்று பின் பவர் பிளக் ஒன்று இருக்கும். "அதான் 15 ஆம்ப் பாயிண்ட் இருக்கே சார், போட்டுக்கோங்க" என்பார்கள். அந்த பாயிண்ட் கீசருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்டது. கீசர் கால் மணி நேரம் ஓடித் தானாக நின்றுவிடும், சாக்கெட் ஆறிவிடும். கார் அப்படியில்லை, 13, 14 ஆம்பியரை எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் சூடேறிக்கொண்டே போகும், எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச், ட்ரிப் ஆகாது, ஏனென்றால் கரண்ட் அளவுக்கு மேல் போகவே இல்லையே. இதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. எம்சிபி இருக்கிறது, ஏதாவது ஆனால் விழுந்துவிடும் என்று நம்பித் தூங்கப் போகிறார்கள்.

நம் கடலோரத்தில் இது இன்னும் மோசம். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி ஈசிஆர் ஓரமோ இருக்கும் கட்டடத்தில் சாக்கெட்டைத் திறந்து பார்த்தால், உப்புக் காற்றில் பித்தளைப் பட்டை களிம்பு ஏறி, பின்னைக் கவ்விப் பிடிக்கிற இறுக்கமே போயிருக்கும். வெளியே பிளேட் மட்டும் புதுசாக மின்னும். ஒரு லாட்ஜில் விருந்தாளியின் பிளக் சாக்கெட்டோடு உருகி ஒட்டிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்து அறை ஏசிக்குப் போகும் அதே வயரிலிருந்து அந்த பாயிண்டுக்கும் இழுத்திருந்தார்கள்.

அதனால் போடும் முன் பிளக்கைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருந்தால், கருகல் வாடை வந்தால் அந்த பாயிண்ட் வேண்டாம். நன்றாக இருந்தாலும் அரை மணி நேரம் கழித்து வந்து ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இதைவிட முக்கியமாக, ஆம்பியரைக் குறையுங்கள். பல கார்களின் திரையிலோ சார்ஜிங் கேபிளில் உள்ள சார்ஜர் பெட்டியிலோ இந்த வசதி இருக்கிறது, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவது, எனவே 16 ஆம்பியரை 8 ஆக்கினால் சூடு பாதியாகக் குறையாது, நாலில் ஒரு பங்காகவே குறைந்துவிடும். 8 ஆம்பியரில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை போட்டால் ஏறக்குறைய 18 யூனிட், சின்ன காரில் நூறு கிலோமீட்டருக்குப் பக்கமாக ஓடலாம். புதுச்சேரியில் தங்கிவிட்டுக் காலையில் சிதம்பரம் போய்ச் சேர அது தாராளம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கிற பெரும்பாலான பாக்ஸ்களின் வயர் அந்த லோடுக்கு ஆனதில்லை, சுருட்டி வைத்த நிலையில் போட்டால் சூடு வெளியேறவும் வழியில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே கார் சார்ஜிங்குக்கு எக்ஸ்டென்ஷன் வயரும் அடாப்டரும் கூடாது என்கின்றன.

அடுத்து எர்த். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுக்கிறது என்றால், பெரும்பாலும் அங்கே எர்த் சரியில்லை என்று பெட்டி உங்களிடம் சொல்கிறது. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் மண்டபம் ஜெனரேட்டரில் ஓடும்போது இப்படி நடக்கலாம், ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் செய்யாமல் விட்டிருப்பார்கள். அப்போது உள்ளூர் எலக்ட்ரீசியன் யாராவது "ஒரு நிமிஷம் சார்" என்று நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே லூப் செய்து விளக்கைப் பச்சையாக்கித் தருவார். ஆன்லைனில் இதற்கென்றே பிளக்கும் விற்கிறார்கள். தயவு செய்து சம்மதிக்காதீர்கள். எங்காவது அந்த நியூட்ரல் துண்டித்துக்கொண்டால் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். காலையில் ஈரத் தரையில் நின்று கதவைத் திறக்கப் போவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர் ஒன்றைக் காரில் வைத்துக்கொள்வது நல்லதுதான், எர்த் இல்லாததை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்த லூப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கும் எல்லாம் சரி என்றே தெரியும்.

மழைக்காலத்தில் சார்ஜர் பெட்டி நனையலாம் என்று எழுதியிருக்கும், ஆனால் பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்துக்கு அது பொருந்தாது. அந்த இடம் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். விதிப்படி சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், ஏன் என்பது 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து தண்ணீர் தேங்கியபோது இங்கே இருந்தவர்களுக்குப் புரியும். புயல் எச்சரிக்கை வந்தால் மழை பிடிப்பதற்கு முன்பே சார்ஜை ஏற்றி வைத்துவிடுங்கள். 2011-ல் 'தானே' புயல் அடித்தபோது கடலூரில் பல ஊர்களுக்கு எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதை நாம் பார்த்தோம். தண்ணீரில் நின்ற காரைச் சர்வீஸ் ஆட்கள் பார்த்துச் சொல்லும் வரை சார்ஜில் போடக் கூடாது.

லாட்ஜ், ரிசார்ட் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சார்ஜிங் வசதி கொடுக்கத் தனி லைசென்ஸ் தேவையில்லை. டிபி என்கிற மெயின் விநியோகப் பெட்டியிலிருந்து வேறெதற்கும் பங்கில்லாத 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் லைன், 20 ஆம்ப் எம்சிபி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, நல்ல எர்த், மூடி உள்ள நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், பக்கத்திலேயே ஒரு சப் மீட்டர், இவ்வளவுதான். அந்த நீல சாக்கெட்டுக்கு ஏற்ற பிளக் உள்ள சார்ஜர் எல்லோரிடமும் இருக்காது, அதனால் ஒரு சார்ஜரை நீங்களே அங்கே மாட்டி வைப்பது நல்லது. வருகிறவர்களும் அறை பதிவு செய்யும்போதே போனில் கேளுங்கள்: தனி லைனா, ஜெனரேட்டரில் ஓடுமா, யூனிட்டுக்கு எவ்வளவு?

சொந்தக்காரர் வீட்டில் போடுவதாக இருந்தால் கணக்குப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளின் குறைந்த கட்டணமும் போய்விடும். 480-ல் முடிய வேண்டிய சித்தி வீட்டு பில்லை உங்கள் காரின் 25 யூனிட் அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும், எனவே வெறும் 25 யூனிட்டுக்கான காசு போதாது.