கடலுக்குப் போகிற நாளும் பிரஷர் மாத்திரையும்

பாம்பனிலிருந்து என்னிடம் வரும் ஓர் அண்ணனுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை மாத்திரையை ஒருவேளைகூட விடமாட்டார். பிரஷர் மட்டும் எப்போது பார்த்தாலும் 160/96. மருந்தைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டே மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். நடுநடுவே உடைக்காத மாத்திரைகள்.

"போட்டுக்குப் போற அன்னைக்குப் போடுறதில்ல டாக்டரம்மா. அடிக்கடி ஒண்ணுக்கு வந்தா வலையை யார் இழுக்கிறது?"

நியாயம்தானே. உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் மருந்து அந்த மாத்திரையில் கலந்திருந்தது. தொழில் என்ன என்று தெரிந்தும் நான் இதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். வேறு மாத்திரைக்கு மாற்றினேன்.

சர்க்கரை உள்ள பெரும்பாலோருக்குப் பிரஷர் 130/80-க்குள் இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம். இங்கிலாந்தில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வின் முடிவு 1998-ல் வந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் பிரஷரை இன்னும் இறுக்கிக் கட்டுப்படுத்திய பிரிவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைவு. ஆனால் இங்கே வருகிறவர்கள் "சுகர் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள்.

வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கசிந்தால் லோசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரைகள் பிரஷரோடு சிறுநீரகத்தையும் காக்கும். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்க்க வேண்டும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அது தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் சிரப் குடித்தவர்களும் உண்டு. எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு நிற்க வைத்தும் பிரஷர் பார்ப்பேன்.

அப்புறம் கருவாடு. இந்தக் கரையில் கருவாட்டை விடச் சொன்னால் டாக்டரைத்தான் விடுவார்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். நாலு துண்டு கருவாடே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். வாரம் ஒருநாள் போதும். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், கொஞ்சம் உப்பு இறங்கும். குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டாம். அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

அந்த அண்ணன் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக், ஆறு மாத்திரை. வலை இழுத்த வலிக்குத் தினமும் இரண்டு போடுவாராம். பிரஷரை ஏற்றுவதும் அது, சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அது. மறுபடி உட்காரச் சொன்னேன்.